கரும்பச்சை வண்டியின் கதவில் இருந்த கீறல் குறித்து

என் பெயர் இந்த நிலையத்தின் பதிவேட்டில் முதலிலேயே எழுதிக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பாலிஷ்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வயது ஐம்பத்தொன்பது. தகப்பனார் காலமாகிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் உள்ள குறுக்குச் சந்தில் மூன்றாவது கதவு, மாடிப் போர்ஷனில் மனைவியுடன் குடியிருக்கிறேன். ஒரு மகன், ஒரு மகள். இருவரும் வெவ்வேறு ஊர்களில் வேலையில் இருக்கிறார்கள். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலும் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன், ஆனால் உட்கார்ந்ததைப் படித்ததாக எழுத முடியாது என்று அதிகாரி சொன்னதால் எட்டு என்றே இருக்கட்டும். இதற்கு முன் என் மீது வழக்கு எதுவும் இல்லை, என் மனைவி மனத்தில் வைத்திருப்பவை தவிர.

நான் இருபத்தாறு வருடம் ஒரு கார் பெயின்ட் பட்டறையில் வேலை பார்த்தேன். பெயின்ட் அடிப்பவர் வேறு. அடித்துக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்தி, அதன் மேல் பாலிஷ் ஏற்றி, முகம் பார்க்கும்படி ஆக்குவது என் வேலை. வலது தோளைத் தூக்க முடியாமல் போன பிறகு அந்த வேலையை விட்டேன். நான்கு வருடமாக ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் வண்டிகளுக்கு இடம் காட்ட வேண்டும், கொடுத்துவிட்டுப் போகிற சாவிகளை ஆணியில் மாட்ட வேண்டும், மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவே பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஒரு வேலையும் கிடையாது. நடந்த அனைத்துக்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள். நான் மறுக்கவில்லை.

புகார் கொடுத்த அம்மா அதே கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் வேலை பார்ப்பவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை முதன்முதலாகத் தம் வண்டியைக் கொண்டுவந்து பதினோராம் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறங்கிச் சாவியை நீட்டினார். நான் சாவியை வாங்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னங்க, இங்க நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டார். "நிறுத்தலாம்மா, நிறுத்தலாம்" என்றேன். கரும்பச்சை நிறம், பழைய வண்டி. எண் பலகையைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் நான் விற்ற என் வண்டி அது.

எப்படி அடையாளம் தெரிந்தது என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன், கதவு ஒரு நிறமும் பானெட் ஒரு நிறமுமாகக் கிடந்த அந்த வண்டியை, உடைக்கப் போகிற இடத்திலிருந்து நான் வாங்கி வந்தேன். அப்போது குடியிருந்த வீட்டின் பின்னால் சிமென்ட் தளம் போட்ட முற்றம் இருந்தது. அங்கே வைத்து நானே பெயின்ட் அடித்தேன். பட்டறையில் டப்பாக்களின் அடியில் மிஞ்சிய மூன்று வகைப் பச்சையைக் கலந்தேன். அவை முதலாளியிடம் கேட்டு வாங்கியவை என்பதை இங்கே தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எதை எவ்வளவு ஊற்றினேன் என்று எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்தப் பச்சை உலகத்தில் வேறு எந்த வண்டியிலும் கிடையாது. திரும்பக் கலக்கச் சொன்னால் எனக்கே வராது. மேலே கிளியர் என்னும் கண்ணாடிப் பூச்சு, பட்டறையில் இரண்டு தடவை அடிப்போம்; என் வண்டி என்பதால் நான்கு தடவை அடித்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்டர் பேப்பர் போட்டேன். நான் ரப்பர் கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்ப்பேன். என் மனைவி பக்கத்தில் நின்று சொம்பால் தண்ணீர் விடுவாள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. இருவரும் கண்ணாடி மாட்டாத வண்டிக்குள் உட்கார்ந்து எங்கெங்கோ போய்க்கொண்டிருப்பார்கள். நான்காவது ஞாயிறு என்று நினைக்கிறேன், என் மனைவி தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஏங்க, கல்யாணமான புதுசுல என் கன்னத்தைக்கூட நீங்க இவ்வளவு பொறுமையா தடவினதில்ல" என்றாள். "உன் கன்னத்துல மேடு பள்ளம் இல்லையே" என்றேன். "இந்த வாய் இருக்கே, இது மட்டும் இல்லேன்னா உங்களை விட்டுட்டு எப்பவோ எங்கப்பா வீட்டுக்கே போயிருப்பேன்" என்று சொல்லி, மீதித் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். இதை எழுத வேண்டியதில்லை என்று அதிகாரி நினைத்தால் விட்டுவிடலாம். எனக்கு மட்டும் அந்தத் தண்ணீர் இன்னும் காயவில்லை.

கடைசித் தடவை கிளியர் அடித்த அன்று ஒரு கொசு வந்து, பின்பக்கக் கண்ணாடியை ஒட்டிய தூண் பகுதியில், ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. ஆறு காலும் விரித்து அப்படியே காய்ந்துவிட்டது. மறுநாள் அதைத் தேய்த்து எடுக்கப் பேப்பரை நனைத்தேன். என் மகள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "அப்பா, அவனை எடுக்காத. அவன்தான் கண்டக்டர். பின்னாடி நிக்கிறான் பாரு." நான் பேப்பரைக் கீழே வைத்தேன். பட்டறையில் வாடிக்கையாளர் வண்டியில் இப்படி ஒரு கொசுவை விட்டிருந்தால் முதலாளி அதன் பக்கத்தில் என்னையும் ஒட்டியிருப்பார். அதன் பிறகு எட்டு வருடம் அந்த வண்டியை வைத்திருந்தோம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பிள்ளைகள் பின்னால் திரும்பி, "கண்டக்டர், போலாமா?" என்று கேட்பார்கள். கண்டக்டர் ஒரு நாளும் ஆட்சேபித்ததில்லை.

வண்டியை விற்றதற்குக் காரணம் நான். இப்போதுள்ள வீட்டுக்குக் குடி வரும் முன், வண்டி சந்துக்குள் போகுமா என்று மனைவி கேட்டாள். கை இரண்டையும் விரித்துச் சந்தை அளந்து பார்த்து, தாராளமாகப் போகும் என்று சொன்னேன். சந்தைத்தான் அளந்தேன், வண்டியை அளக்கவில்லை. இரண்டு மாதம் சந்தின் வாயில் நின்றது. அக்கம்பக்கத்தார் பேச ஆரம்பித்ததும் ஒரு தரகரிடம் விற்றேன். பிள்ளைகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தத் தரகர் யாருக்கு விற்றார் என்பது எனக்குத் தெரியாது. புகார்தாரரின் தகப்பனாருக்குத்தான் விற்றார் என்பது இந்த நிலையத்தில்தான் தெரிய வந்தது.

இது என் பழைய வண்டி என்று புகார்தாரரிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். சொன்னால் ஏதோ கேட்பதற்கு அடி போடுகிறேன் என்று நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. ஆகவே எட்டு மாதமும் நான் செய்தது ஒன்றுதான். காலையில் அவர் மின்தூக்கியில் ஏறிப் போன பிறகு, வண்டியின் பின்பக்கம் போய்க் கண்டக்டர் இருக்கிறாரா என்று பார்ப்பேன். இருப்பார். முதல் நாள் பார்த்த அன்றைக்கே என் மகளுக்கு போன் செய்து சொன்னேன். "அப்பா, நிஜமாவா? கால் எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்து, ஆறும் இருக்கிறது என்று சொன்னேன். அவள் போனிலேயே சிரித்தாள்.

ஆனால் வண்டியின் மேனி மங்கிப்போயிருந்தது. சொரசொரப்பான துணியால் துடைத்துத் துடைத்து வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். இது வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது.

இந்த வாரம் திங்கட்கிழமை காலை புகார்தாரர் சாவியைக் கொடுத்து, "வேலை விஷயமா வெளியூர் போறேன். சனிக்கிழமைதான் வருவேன். வண்டி இங்கயே நிக்கட்டும். முடிஞ்சா கொஞ்சம் கழுவி வைங்க" என்றார். சரி என்றேன். கொஞ்சம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது என்பதையும், கழுவி என்றுதான் சொன்னார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கழுவினேன். ஈரமாக இருக்கும்போது எந்தப் பழைய வண்டியும் புதிதாகத் தெரியும். தண்ணீர் கோடுகளை நிரப்பிவிடும். ஒரு கால் மணி நேரம் என் பழைய வண்டி அப்படியே அங்கே நின்றது. அதன் பிறகு காய்ந்தது. காய்ந்ததும் பழையபடி மங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, பரண் மேல் வைத்திருந்த ரப்பர் கட்டை, வாட்டர் பேப்பர், டேப், பாலிஷ் டப்பா, பழைய பருத்தித் துணிகள் ஆகியவற்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். மனைவி பையைத் தூக்கிப் பார்த்தாள். "சோத்துக்குத் தொட்டுக்க இன்னிக்குக் கட்டையா?" என்று கேட்டாள். ஒரு சின்ன வேலை என்றேன். "உங்க சின்ன வேலை எனக்குத் தெரியும். நாலு ஞாயித்துக்கிழமை" என்றாள். யார் வண்டி என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முடித்த பிறகு அவளை அழைத்துவந்து காட்டலாம் என்று எண்ணம்.

கட்டட மேலாளரிடம் அனுமதி கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்பது தெரியும்.

புதன்கிழமை பானெட்டை ஆயிரத்தைந்நூறு நம்பர் பேப்பரிலும் பிறகு இன்னும் நைசான இரண்டாயிரம் நம்பரிலும் தேய்த்தேன். வியாழக்கிழமை ஓட்டுநர் பக்கக் கதவுகள் இரண்டும். கதவும் பானெட்டும் தோளுக்குக் கீழே இருப்பவை என்பதால் கை வலிக்கவில்லை. வலித்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கு அவசியம் இருந்திருக்காது. தேய்க்கும்போது வழியும் தண்ணீர் பால் போல வெள்ளையாக இருந்தால், மேலே உள்ள கிளியர்தான் கரைகிறது, பயமில்லை. பச்சையாக வழிந்தால் நிறத்தைத் தொட்டுவிட்டோம், வேலை கெட்டது. எனக்குக் கடைசி வரை வெள்ளையாகத்தான் வந்தது. அன்றைக்கு நான்கு தடவை அடித்த ஆள் கெட்டிக்காரன் என்று எனக்கு நானே ஒரு முறை சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி நேரில் பார்த்தபோது, வண்டியின் பின்பக்கத் தூணில் தீப்பெட்டி அளவுக்கு டேப் ஒட்டியிருந்ததைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். கொசுவுக்காக என்று சொன்னேன். அவர் என் வாயை முகர்ந்து பார்த்தார். டேப்பை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். பேப்பர் தவறிப் பட்டுவிடக் கூடாது என்று முதல் வேலையாகக் கண்டக்டரை டேப் போட்டு மூடியிருந்தேன்.

இப்போது புகாரில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுநர் பக்கக் கதவில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. நான் விற்கும்போது அது இல்லை. எவனோ வேலை வெட்டி இல்லாதவன் சாவியால் கிழித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்து, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே தேய்த்தேன். திட்டிய வார்த்தைகளை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு கதவு முழுவதற்கும் ஆன நேரத்தை, நாற்பது நிமிடம், அந்த ஒரு கீறலுக்கே செலவிட்டேன். பானெட்டில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. மாலை நான்கு மணிக்குக் கை வைத்துத் தடவினேன், தட்டுப்படவில்லை. மறுநாள் பாலிஷ் போட்டால் முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

வாட்டர் பேப்பர் போட்டு, பாலிஷ் போடாத நிலையில் வண்டி எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பல் பூசியது போல இருக்கும். பளபளப்பு ஒரு துளியும் இருக்காது. விஷயம் தெரியாதவர் பார்த்தால் யாரோ சுவரில் உரசி நாசமாக்கிவிட்டதாகத்தான் நினைப்பார்கள். புத்தியுள்ளவன் ஒரு கதவைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவான். பட்டறைக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு ஒன்றாகப் பாலிஷுக்குப் போவோம். அங்கே வண்டிக்காரர் நடுவில் உள்ளே வர மாட்டார்.

புகார்தாரர் சனிக்கிழமைக்குப் பதிலாக இன்று வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கே வந்துவிட்டார். நான் அப்போதுதான் பாலிஷ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர் வண்டியைப் பார்த்ததும் நின்றார். பானெட்டைப் பார்த்துப் பதறுவார், பதறினால் இன்ன பதில் சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் பானெட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கதவுக்குப் போய், கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு மேலும் கீழும் தடவினார்.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி, "போயிடுச்சும்மா! சுத்தமா எடுத்துட்டேன்!" என்றேன்.

இந்த வாக்குமூலத்தில் நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன. ஆனால் இனி இரவில் படுத்தால் காதில் கேட்கப் போவது இந்த ஒரு வாக்கியம்தான்.

அவர் கத்தவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "உங்களை யாரு எடுக்கச் சொன்னது?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். அதன் பிறகு மேலாளர் வந்தார், அவர் வண்டியின் நிலையைப் பார்த்துத் தாமே போன் செய்தார், அதன் பிறகு காவலர் இருவர் வந்தார்கள், அதன் பிறகு வண்டியையும் என்னையும் இங்கே கொண்டுவந்தார்கள். வண்டி முன்னால் போயிற்று. நான் அதற்குப் பின்னால் ஜீப்பில் வந்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வண்டியோடு ஒன்றாகப் போனது இப்படித்தான் வாய்த்தது.

நிலையத்தில் புகார்தாரர் அதிகாரியிடம் சொன்னதை நானும் கேட்டேன். அவர் சொன்னதாவது: "எங்கப்பா கணக்கு வாத்தியார். கடைசி ரெண்டு வருஷம் ஞாபகம் நிக்கல. வெளிய வந்தா எந்த வண்டியைப் பார்த்தாலும் தன் வண்டின்னு நினைச்சு சாவியைப் போட்டுத் திருகுவார். ஒரு நாள் ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார். அன்னிக்கு சாயங்காலம் அப்பா தனியாக் கீழ போய், சாவியாலயே நம்ம வண்டில ஒரு டிக் போட்டுட்டு வந்தார். 'இனிமே குழப்பம் இல்லம்மா, திருத்தி வச்சுட்டேன்'னார். நான் அன்னிக்கு அவரைக் கண்டபடி திட்டினேன். வண்டியைக் கெடுத்துட்டீங்களேப்பான்னு. அதுக்கப்புறம் அதைப் பார்த்துத்தான் வண்டியைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடிச்சுட்டு டிரைவர் பக்கமே ஏறப் பார்ப்பார், நான் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவேன். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. நான் தினமும் கதவைத் திறக்கறப்ப கட்டைவிரலை அது மேல வச்சுட்டுத்தான் திறப்பேன்."

அதிகாரி என்னைப் பார்த்து ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் மனைவி, செய்தி கேட்டு எனக்கு மாத்திரை கொண்டுவந்தவள், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற வண்டியையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்; டேப்பையும் பார்த்திருந்தாள். உள்ளே வந்து, அதிகாரி இருப்பதையும் பாராமல், "நம்ம கொசுவை டேப் போட்டுக் காப்பாத்தத் தெரிஞ்சுது. அவங்க அப்பா போட்டதைக் காப்பாத்தத் தெரியல. என்ன மனுஷங்க நீங்க?" என்றாள். புகாரில் எழுதியிருந்த எந்தக் குற்றச்சாட்டும் என்னை அந்த அளவுக்குத் தைக்கவில்லை. புகார்தாரர், எந்தக் கொசு என்று கேட்டார். என் மனைவி அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முற்றத்தில் வண்டிக்குப் பெயின்ட் அடித்ததிலிருந்து சந்தை அளந்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். தலையில் தண்ணீர் ஊற்றியதை மட்டும் விட்டுவிட்டாள்.

அதன் பிறகு நான் அதிகாரியிடம் ஒன்று சொல்ல அனுமதி கேட்டேன். கீறல் போய்விட்டது என்று நான் சொன்னது அவசரத்தில் சொன்னது. வாட்டர் பேப்பர் போடும்போது வழிகிற வெள்ளைச் சேறு கீறலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மேலெல்லாம் மங்கலாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. கீறல் போனதா, ஒளிந்திருக்கிறதா என்பது பாலிஷ் போட்டால்தான் தெரியும். ஆனால் பாலிஷும் ஒரு மயிரிழை தேய்க்கத்தான் செய்யும். இரண்டு தடவை கூடுதலாகத் தேய்த்தால், இருப்பதும் போய்விடும்.

புகார்தாரர் என் கையைப் பார்த்தார். வேறு ஒரு பாலிஷ் கடைக்காரருக்கு போன் செய்து விசாரித்தார். அவர், கதவை முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம், ஒரு கோடும் தெரியாது என்று உற்சாகமாகச் சொன்னார். புகார்தாரர் போனை வைத்துவிட்டு, "இவரே பண்ணட்டும். நான் பக்கத்துல நிப்பேன். நிறுத்துன்னா அந்த நிமிஷமே நிறுத்தணும்" என்றார்.

நிலையத்தின் முன்னால் மாலை மூன்று மணி வெளிச்சத்தில், அதிகாரி, இரண்டு காவலர்கள், என் மனைவி ஆகியோர் முன்னிலையில் வேலையைத் தொடங்கினேன். மெஷின் போடவில்லை, விரலில் பருத்தித் துணியைச் சுற்றி, பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தேய்த்தேன். இருபத்தாறு வருடத்தில் பல பெரிய வண்டிகளுக்கு வேலை செய்திருக்கிறேன். ஒரு நாளும் துணியைத் தவறவிட்டதில்லை. இன்று துணி இரண்டு முறை கீழே விழுந்தது. என் மனைவி எடுத்து உதறிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை தேய்த்துத் துடைத்தபோது, கண்ணாடியில் ஊதிய மூச்சு விலகுவது போலச் சாம்பல் விலகிப் பச்சை வந்தது. பச்சைக்குள் ஒரு சின்னக் கோடு கீழே இறங்கித் திரும்பியது.

"நிறுத்துங்க" என்றார் புகார்தாரர். நிறுத்தினேன்.

குட்டைக் கோடு முழுதாக இருந்தது. திரும்பும் இடம் இருந்தது. அங்கிருந்து மேலே போகும் நீளக் கோட்டில் பாதி இருந்தது. மீதிப் பாதி இல்லை; அதை நான் எடுத்துவிட்டேன், அது இனி வராது. புகார்தாரர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "அப்பா டிக் போட்டா பேப்பரே கிழியும். பசங்க சொல்லிச் சிரிப்பாங்க" என்றார். அதன் பிறகு என் பையிலிருந்து டேப்பை அவரே எடுத்து, கிழித்து, அந்த இடத்தின் மேல் நான்கு பக்கமும் அழுத்தி ஒட்டினார். "மத்த இடத்தை முடிச்சுக் கொடுங்க. இப்படியே எப்படி ஓட்டிட்டுப் போறது?" என்றார்.

புகாரைத் திரும்பப் பெறுகிறாரா என்று அதிகாரி கேட்டதற்கு, அதை நாளை சொல்வதாகவும், இன்றைக்கு வேறு ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். "என்கிட்ட அதோட போட்டோ கிடையாது. கீறலை யார் போட்டோ எடுப்பா? தினமும் தொட்டிருக்கேன், உத்துப் பார்த்ததில்ல. முழுசா இருந்தப்ப நாற்பது நிமிஷம் அதையே பார்த்தது இவர் ஒருத்தர்தான். அது எப்படி இருந்துச்சுன்னு இவர் சொல்லட்டும். நீங்க எழுதிக்குங்க. எனக்கு ஒரு நகல் வேணும்." அதன் பேரில் பின்வருவதைச் சொல்கிறேன்.

அந்த அடையாளம் ஓட்டுநர் பக்க முன்கதவில், கைப்பிடியின் முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. இடப்பக்கக் குட்டைக் கோடு மேலிருந்து கீழாக, என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். அடியில் திரும்பும் இடத்தில் சாவியை ஊன்றித் திருகியிருந்தது. அங்கே பச்சையைத் தாண்டி அடிப்பூச்சின் சாம்பல் நிறம் ஊசிமுனை அளவு தெரிந்தது. அங்கிருந்து வலப்பக்கம் மேல் நோக்கிய நீளக் கோடு, என் வலக்கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து வைத்த அகலம். அது ஒரே இழுப்பில் போட்டதல்ல. பாதியில் ஓர் அரிசியின் பருமன் அளவுக்கு இடைவெளி இருந்தது. கையை எடுத்து, சற்று நிறுத்தி, விட்ட இடத்துக்கு நேரே மறுபடி வைத்து மீதியை இழுத்திருக்கிறார். இரண்டாவது பாதி முதல் பாதியைவிட மெலிசு. ஆனால் கோணவில்லை.

வண்டியைக் கெடுக்க நினைப்பவன் நடந்துகொண்டே கிழிப்பான். அவன் கோடு வழுக்கிக்கொண்டு ஓடி, முடிவு எங்கே என்று தெரியாமல் மறையும். இது நின்று போட்ட கோடு. முடிய வேண்டிய இடத்தில் நின்றிருந்தது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேப்பரைத் தண்ணீரில் நனைத்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் புகார்தாரர், "நடுவுல கையை எடுத்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்குத் தெரியாது. அங்கதான் அவருக்குக் கை நடுங்கியிருக்கும்" என்றார். நடுங்கிய அடையாளம் கோட்டில் இல்லை, நடுக்கம் நிற்கும் வரை காத்திருந்த அடையாளம்தான் இருந்தது என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதப்பட்டது.

இவ்வளவும் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, இன்று மாலை நானாகச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டு, நான் சொன்னபடியே இருப்பதாக ஒப்புக்கொண்டது. கீறலின் அளவுகளை அளவுகோல் வைத்துச் சொல்ல வழியில்லாமல் என் விரல்களை வைத்துச் சொல்லியிருப்பதாலும், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் புகார்தாரர் கையில் உள்ள நகலில் அந்த நீளம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதாலும், அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பிரதிகளிலும் என் கையொப்பத்துக்குக் கீழே வலக்கையின் நடு மூன்று விரல்களையும் சேர்த்து மையில் தொட்டுப் பதித்திருக்கிறேன்.

(ஒப்பம்)
பாலிஷ்காரர்